ஐந்தைக் கூட்டுக

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில் இருந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக உட்கார வைத்தாலும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாதிதான் நிறையும். அந்தப் பாதி மண்டபத்துக்கு ஒரு தலைவர் தேவை என்று முதலில் கண்டுபிடித்தவர் கதிர்காமநாதன். கண்டுபிடித்தவரே அந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவர் ரயில் பகுதியில் படவரைஞராக வேலை பார்த்தார். எஞ்சினியரோ என்று யாராவது கேட்டால் ஓம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஊரில் பாலபண்டிதர் என்ற தமிழ்ப் பட்டச் சோதனைக்குப் படிக்கத் தொடங்கியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். முடித்தாரா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கிளேட்டனில் செங்கல் வீடு வாங்கிய கையோடு, அந்த வீட்டின் முன்னறையிலேயே விக்டோரியச் சைவத் தமிழ் நெறிக் கழகத்தைத் தொடக்கி வைத்தார். அந்தப் பெயரைத் தடக்காமல் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். மற்றவர் அவருடைய மனைவி நாகேஸ்வரி, அதுவும் அவர் பக்கத்தில் நின்றால்தான்.

கழகத்தின் தலைமையகம் முன்னறை மூலையில் இருந்தது. ஒரு சின்ன மேசை, அதன்மேல் பின்னல் விரிப்பு, விரிப்பின்மேல் கறுப்புத் தொலைபேசி, பக்கத்தில் கைபிடி வைத்த கதிரை. இலக்கம் 87 3998. கொழும்பில் விமானம் ஏறுகிற எந்தத் தமிழனின் சட்டைப் பையிலும் அந்த இலக்கம் இருக்கும் என்று கதிர்காமநாதன் சொல்லுவார். பெரும்பாலும் உண்மைதான். வேறு இலக்கம் அப்போது யாரிடமும் இல்லை.

இந்த நாட்டில் அவருக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. இலங்கையில் வெளியூருக்குப் பேசினால் சில நிமிடங்களிலேயே எக்ஸ்சேஞ்சுப் பெண் குறுக்கே வந்து நேரம் முடிந்தது என்பாள். இங்கே உள்ளூர் அழைப்புக்கு நேரக் கணக்கே கிடையாது. எடுத்தால் எடுத்ததுதான், காது தாங்கும்வரை பேசலாம். அதுவும் எடுத்தவர் கணக்கில். ஆகவே, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று கேட்க எடுத்த ஒரு பாவி, சைவத்தின் வீழ்ச்சி பற்றியும், பிறமொழி கலப்பதால் தமிழுக்கு வரும் கேடு பற்றியும், ஒற்றைக் கோட்டோடு கதிர்காமநாதன் இந்தக் குளிருக்குள் வந்திறங்கிய வரலாறு பற்றியும் கேட்டு முடிக்கிறபோது, அவன் வீட்டுச் சாப்பாடு மேசைக்கு வந்து ஆறி, திரும்பவும் குசினிக்குப் போயிருக்கும். பள்ளிக்கூடத்தின் பெயரை அவர் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டார்.

எடுக்காமல் விடவும் முடியாது. வீடு வாங்கினால், கார் வாங்கினால், பிள்ளை பிறந்தால் தலைவருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பது எழுதாத சட்டம். மீறினவருக்குக் கழகத்தின் வெள்ளிக்கிழமைப் பூசையில் தண்டனை கிடைக்கும். தேவாரம் முடிந்து திருநீறு கொடுக்கும்போது, எல்லோருக்கும் கேட்கிற குரலில், "வீடு வாங்கினதாக் கேள்விப்பட்டன்" என்பார். அந்தக் "கேள்விப்பட்டன்" போதும், வாங்கியவன் புது வீட்டில் நிம்மதியாகக் கால் நீட்ட மாட்டான். அவராக யாருக்கும் எடுப்பதில்லை. தலைவருக்கு மற்றவர்கள் எடுப்பார்கள், தலைவர் எடுக்க மாட்டார் என்பது அவருடைய கொள்கை.

ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்குகிற வாரம்தான் அந்தத் தொலைபேசிக்குத் திருவிழா. இந்த முறையும் நீங்கள்தான் தலைவராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவராக எடுத்துக் கெஞ்ச வேண்டும். அவர் மறுப்பார். வயது போய்விட்டது என்பார், இளம் ஆட்கள் முன்னுக்கு வரட்டும் என்பார். இன்னும் கொஞ்சம் கெஞ்ச வேண்டும். நன்றாகப் பிகு பண்ணிவிட்டு, கடைசியில் கழகத்தின் நன்மை கருதி இறங்கி வருவார். எந்த வசனத்தில் இறங்குவார் என்பது குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும் நாகேஸ்வரிக்குத் தெரியும். அந்த வசனம் வருகிற நேரம் பார்த்துத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் அவரை யாரும் கதிர்காமநாதன் என்று கூப்பிட்டதில்லை. அவ்வளவு நீளப் பெயர் வெள்ளைக்காரர் வாயில் நுழையவில்லை. முதல் நாளே வெட்டிக் குறுக்கி "கேத்தி" ஆக்கிவிட்டார்கள். அது இந்த நாட்டில் பெண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர் என்று அவருக்குத் தெரிய வரச் சில மாதங்கள் எடுத்தன. தெரிந்த பிறகு மாற்றச் சொல்ல வெட்கமாக இருந்தது. பகல் முழுவதும் கேத்தியாக இருந்துவிட்டு வருகிறவருக்கு, மாலையில் தொலைபேசியைத் தூக்கி "கதிர்காமநாதன் பேசுகிறேன்" என்று சொல்லுகிற அந்த நேரம்தான் தன் பெயர் தன் கைக்குத் திரும்பி வருகிற நேரம். யாராவது எடுத்தால்தான் அதையும் சொல்லலாம்.

எழுபத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் தொலைபேசிப் பகுதியிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. நகரம் பெருத்துவிட்டது, ஆறு எண்கள் போதவில்லை, ஏழாக்கப் போகிறோம் என்றது. 87 3 என்று தொடங்குகிற இலக்கங்களுக்கெல்லாம் குறித்த ஒரு சனிக்கிழமையிலிருந்து முன்னால் ஓர் ஐந்து சேரும். செய்தி அவ்வளவுதான். கதிர்காமநாதனின் இலக்கத்துக்கு முன்னால் ஐந்து வந்தால் அது 587 3998. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் விளங்குகிற விஷயத்தை விளங்குகிறபடி சொல்ல ஒரு தலைவர் எதற்கு? கழகம் மாதம்தோறும் றோணியோ நகல் இயந்திரத்தில் ஒரு செய்தித்தாள் அடித்து அங்கத்தவர் வீடுகளுக்கு அனுப்பும். எழுதுவதும் திருத்துவதும் தலைவர்தான். புது இலக்கத்தை அதில் அறிவிக்க அவர் உட்கார்ந்தார், இரண்டு மாலை உட்கார்ந்தே இருந்தார்.

"முன்னுக்கு ஒரு அஞ்சைப் போடுங்கோ எண்டு எழுதினால் முடிஞ்சுது" என்றாள் நாகேஸ்வரி.

"அது பேச்சுத் தமிழ். தாளில அப்பிடி எழுதேலாது."

"அப்ப புது நம்பரையே முழுசா எழுதுங்கோவன்."

அது இன்னும் மோசம். வெறும் எண்ணை எழுதுவதற்குப் பாலபண்டிதர் சோதனைக்குப் படிக்கத் தொடங்கியிருக்க வேண்டியதில்லை. ஆங்கில அறிவித்தலில் இருந்த சொல்லை எடுத்துவைத்து அதற்கு நேரான தூய தமிழ்ச் சொல்லைத் தேடினார். சேர்த்தல் என்று எழுதலாம். சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. இடுதல் என்று எழுதலாம். கோழி ஞாபகம் வந்தது. கடைசியில் ஒரு சொல் அவர் மனதுக்கு முழுதாகப் பிடித்தது. எழுதினார்: "நமது தலைவரின் தொலைபேசி இலக்கம் 87 3998 ஆகும். வரும் சனி தொடக்கம் இவ்விலக்கத்துடன் ஐந்தைக் கூட்டுக."

கூட்டுக. அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். கல்வெட்டில் பொறிக்கலாம் போலிருந்தது. நாகேஸ்வரி எழுந்து குசினிக்குப் போனாள்.

குறித்த சனிக்கிழமை வந்தது. தொலைபேசி அடிக்கவில்லை. புது இலக்கம் அல்லவா, சனம் பழக ஒரு நாள் எடுக்கும் என்று அவர் பெருந்தன்மையாக நினைத்தார். ஞாயிறும் அடிக்கவில்லை. அடுத்த வாரம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. மூக்குச்சளிக்கு என்ன குடிக்கலாம் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

அவர் அடிக்கடி ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். ஊங்காரம் ஒழுங்காக வந்தது. அப்படியும் சந்தேகம் தீரவில்லை. நாகேஸ்வரிக்குக் கோட்டைக் கொடுத்து, தெருமுனைத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். அவள் மழைத் தூறலில் போய், ஐந்தை முன்னால் சுழற்றி எடுத்தாள். மணி அடித்தது. அவர் பாய்ந்து தூக்கி, முழுக் குரலில், "கதிர்காமநாதன் பேசுகிறேன்" என்றார்.

"நான்தான்" என்றாள் நாகேஸ்வரி. "வேலை செய்யுது. நான் வாறன்."

தொலைபேசியில் பிழையில்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் பிழை மனிதர்களில்தான். அந்த முடிவுக்கு வந்த கணமே அவருக்கு எல்லாம் துலாம்பரமாகத் தெரிந்தது. இதற்குப் பின்னால் இருப்பவன் யோகேஸ்வரன். வந்து இரண்டு வருடமாகாத இளம் எஞ்சினியர். உண்மையான எஞ்சினியர், அது ஒரு குற்றம். போன பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, கூட்டங்களைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கினால் நல்லது என்று சொன்னவன், அது இரண்டாவது குற்றம். இவன்தான் வீடு வீடாகப் போய், தலைவருக்கு ஒருவரும் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமைகளில் பூசைக்கு எல்லோரும் வந்தார்கள். தேவாரம் பாடினார்கள், அவித்த கடலையைச் சாப்பிட்டார்கள், முன்னைவிட அவசரமாகப் புறப்பட்டார்கள். தேவராஜா என்ற கணக்காளர் போகும்போது தயங்கி நின்று, "அங்கிள், உங்களுக்கு எடுத்தனான். வேற ஆரோ கதைச்சினம்" என்றார். தேவராஜா பொய் சொல்லி அறியாத மனிதர். ஆனால் தொலைபேசியைப் பெட்டி வரைக்கும் ஆள் அனுப்பிச் சோதித்து வைத்திருந்த கதிர்காமநாதன், இவனும் அவன் பக்கம் போய்விட்டான் என்று மனதுக்குள் கணக்கில் எழுதிக்கொண்டார். "பரவாயில்லை" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்ன பரவாயில்லை.

பொதுக்கூட்டத்துக்கு முந்திய வாரமும் வந்தது. வேலையிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். கெஞ்ச ஒருவரும் இல்லை. வயது போய்விட்டது என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. கேட்கக் காது இல்லை. ஒருமுறை அவராகவே யாருக்காவது எடுத்து நலம் விசாரித்தால் என்ன என்று நாகேஸ்வரி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் பேச்சு நின்றது. எடுத்திருந்தால் எல்லாம் அன்றைக்கே வெளித்திருக்கும். கொள்கை என்று ஒன்றை வைத்துக்கொண்டால் இப்படித்தான், அது காக்கிற நேரம் பார்த்துக் கழுத்தை அறுக்கும்.

உண்மையில் அவருக்கு நெஞ்சு கனத்துப் போயிருந்தது. இத்தனை வருடம் இந்தச் சனத்துக்காக ரிசீவரைப் பிடித்துப் பிடித்தே தன் காது சிவந்தது என்று அவர் முழுமனதாக நம்பினார். அந்தக் காதுகள் எல்லாம் அவர்களுடையவை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

பொதுக்கூட்டம் வாடகைக்கு எடுத்த ஒரு சாரணர் மண்டபத்தில் நடந்தது. தலைவர் தெரிவு என்ற கட்டம் வந்ததும் கதிர்காமநாதன் எழுந்தார். பட்டுச் சால்வையைச் சரி செய்தார்.

"எனக்கும் வயது போட்டுது" என்றார். "இந்த முறை இளம் ஆக்கள் முன்னுக்கு வரட்டும்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். வழக்கமாக இந்த இடத்தில்தான் மண்டபம் குமுறும். ஆனால் குமுறுவது யார், முதலில் எழும்புவது யார், இரண்டாவதாக வழிமொழிவது யார் என்பதெல்லாம் வழக்கமாக முந்திய வாரத் தொலைபேசியில் அவரே ஒழுங்கு செய்து வைப்பது. இந்த முறை ஒழுங்கு செய்யப்படவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் ஏற்கனவே எடுத்துக் கெஞ்சியிருப்பார், கெஞ்சியும் அவர் மறுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கூரையைப் பார்த்தார். யோகேஸ்வரன் எழுந்து மிக மரியாதையாக, "அங்கிளுக்கு விருப்பமில்லையெண்டால் நாங்கள் வற்புறுத்தக் கூடாது" என்றான்.

அவன் சதி ஒன்றும் செய்யவில்லை. கேட்டதை அப்படியே நம்பிவிட்டான், பாவம். யாரோ அவன் பெயரையே முன்மொழிந்தார்கள், யாரோ வழிமொழிந்தார்கள், தேத்தண்ணி வருவதற்கு முன்பே கழகத்துக்குப் புதுத் தலைவர் வந்துவிட்டார். கதிர்காமநாதனுக்குக் கைதட்டி, ஏகமனதாகப் போஷகர் என்ற பதவியைக் கொடுத்தார்கள். போஷகர் என்றால் அழைப்பிதழில் பெயர் மேலே வரும். வேலை ஒன்றும் வராது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று வீட்டுக்குக் கூட்டிப்போனவர் தேவராஜாதான். நாகேஸ்வரி பின் இருக்கையில் இருந்தாள். பாதி வழியில் கதிர்காமநாதன் வாயைத் திறந்தார். ஒரு மனிதனை ஒதுக்குவதென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஒதுக்க வேண்டும், தொலைபேசியால் அடிக்கக் கூடாது என்றார். தேவராஜாவுக்குக் கார் ஒரு பக்கம் இழுத்தது.

"அங்கிள், நான் சத்தியமா எடுத்தனான். நீங்கள் எழுதினபடிதான் எடுத்தனான்."

"என்னெண்டு எடுத்தனீர்?"

"கூட்டித்தான்."

"என்னத்தைக் கூட்டினனீர்?"

தேவராஜா சொன்னார். கூட்டுக என்று தலைவர் எழுதியிருந்தார். கணக்காளராகிய அவர் பென்சிலை எடுத்துக் கூட்டினார். எண்பத்தேழு மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டோடு ஐந்து. எட்டும் ஐந்தும் பதின்மூன்று, மூன்றை எழுதிக் கையில் ஒன்று. அந்த ஒன்று ஒன்பதுகளில் ஏறி ஏறி முன்னால் போய், 87 4003 என்று வந்தது. அதைத்தான் சுழற்றினார். 87 4 என்று தொடங்குகிறவற்றுக்கு இன்னும் ஐந்து சேரவில்லை, அவற்றின் முறை அடுத்த வருடம்தான். ஆகவே அழைப்பு தடையில்லாமல் போய்ச் சேர்ந்தது. ஸ்பைரோ என்ற கிரேக்கரின் இறைச்சிக் கடைக்கு.

தேவராஜா மறைக்கத் தெரியாத மனிதர், ஆகவே மிச்சத்தையும் சொன்னார். முதல் முறை மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு, கூட்டலைத் திரும்பச் சரி பார்த்திருக்கிறார். கூட்டல் சரியாக இருந்தபடியால் திரும்ப எடுத்திருக்கிறார். மூன்றாவது முறையும் கடைக்காரரே எடுத்தபோது, வேலையான மனிதரை வீணாக அலைக்கழித்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு, ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக, வெள்ளாட்டு இறைச்சி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருந்தது. எலும்போடு கறிக்கு வெட்டுவது போலச் சின்னத் துண்டாக வெட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். எவ்வளவு சின்னதாக என்று ஸ்பைரோ திரும்பக் கேட்டிருக்கிறார். மெல்பேர்ணுக்கு வந்த நாள் முதல், பெரிய பெரிய கட்டையாக வெட்டிய செம்மறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை.

"யோகராணி எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிப்போட்டா" என்றார் தேவராஜா. யோகராணி அவருடைய மனைவி. "அதுக்குப் பிறகு எல்லாரும் உங்களுக்கு எண்டு அந்த நம்பருக்குத்தான் எடுக்கினம். முதல்ல உங்களைத்தான் கேக்கிறவை, அங்கிள். ஸ்பைரோவுக்கு உங்கட பேர் இப்ப முழுசாச் சொல்லத் தெரியும்."

"உம்மட மனுசிக்கும் ஐஞ்சை எங்கை போடுறதெண்டு தெரியேல்லையோ?"

தேவராஜா கியரை மாற்றினார். அவளுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. முன்னுக்கல்லவா போட வேண்டும் என்று அவள் வாசித்த உடனே சொல்லிவிட்டாள். எல்லோருக்குமே தெரிந்திருந்தது. ஆனால் தலைவர் எழுதியது கூட்டுக என்றுதானே. எழுதியபடி கூட்டினால், தலைவருக்கு எடுத்தோம் என்று மனச்சாட்சியோடு சொல்லலாம். அவர் இல்லை என்ற பதில் ஒரு நொடியில் கிடைத்துவிடும். இரவுச் சாப்பாடும் ஆறாது. இதைச் சதி என்று சொல்ல முடியாது. சதி என்றால் நாலு பேர் கூடிப் பேச வேண்டும். இவர்கள் தனித்தனியாகத் தங்கள் தங்கள் வீட்டில் இருந்துகொண்டே தலைவருக்குக் கீழ்ப்படிந்தார்கள்.

"வெள்ளிக்கிழமையிலயும் வாங்கிறவையோ?" என்றார் கதிர்காமநாதன்.

தேவராஜா வீதியைக் கவனமாகப் பார்த்து ஓட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு சாதாரண மனிதன் செய்வதென்றால், இதுதான் சரியான இலக்கம் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பான். கதிர்காமநாதன் கட்டுரை எழுதினார். கூட்டல் என்ற சொல்லுக்குச் சேர்த்தல் என்ற பொருளும் உண்டு, அறிந்தோர் அறிவர், கணக்கு மட்டுமே படித்தவர்களுக்கு அது தெரியாமற்போனதில் வியப்பில்லை என்று போஷகர் பெயரில் இரண்டு பக்கம். யோகேஸ்வரன் ஒரு எழுத்தும் வெட்டாமல் றோணியோவில் அடித்து அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் நாகேஸ்வரி கவனித்தாள், கட்டுரையில் இலக்கம் இல்லை. எழுத மறந்துவிட்டார்.

அடுத்த வருடத் தீபாவளி ஒன்றுகூடலை யோகேஸ்வரன் சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு முடித்தான். அதுவே கதிர்காமநாதனுக்கு ஓர் அவமரியாதையாகப் பட்டது. சாப்பாட்டு மேசைப் பக்கம் தட்டோடு நின்றபோது, பின்னால் யோகராணி மற்றப் பெண்களுக்குச் சொல்லுவது காதில் விழுந்தது.

"மறந்திடாதேங்கோ. வாற சனிக்கிழமையிலயிருந்து முன்னுக்கு ஒரு அஞ்சு போடவேணும். பழைய நம்பருக்கு எடுத்திட்டு, கிடைக்கேல்லை எண்டு நிக்கக் கூடாது."

பெண்கள் தலையாட்டினார்கள். இன்னொருத்தி ஐந்தை எங்கே போடுவது என்று திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். கதிர்காமநாதனுக்கு, ஒரு வருடமாக இவர்களை நன்றி கெட்டவர்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. பிந்தினாலும் வந்துவிட்டார்களே. தட்டைப் பிடித்தபடியே அவர்கள் பக்கம் திரும்பி, மன்னிக்கிறவருடைய குரலில், "ஒரு வருசம் பிந்தினாலும் காரியமில்லைப் பிள்ளையள். இப்பவாவது விளங்கிச்சுதே" என்றார்.

யோகராணி சேலைத் தலைப்பைத் திருகினாள். பக்கத்தில் நின்ற நாகேஸ்வரிதான் அவருடைய தட்டில் இன்னும் ஒரு வடையை வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அது கடை நம்பர்."

உமக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. வடையைச் சாப்பிட்டு முடித்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை நாகேஸ்வரி துணி காயப்போடப் பின்வளவுக்குப் போயிருந்தபோது, அவர் கைபிடிக் கதிரையில் உட்கார்ந்து ரிசீவரைத் தூக்கினார். தலைவராக இருந்த காலத்தில் அவராக யாருக்கும் எடுத்ததில்லை. முதலில் ஐந்தைச் சுழற்றினார். வட்டம் மெதுவாகத் திரும்பி வந்தது. பிறகு 87 4003.

உடனே எடுத்தார்கள். பின்னால் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. கதிர்காமநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆங்கிலத்தில், தன் பெயரை யாரோ மூன்றாம் மனிதரின் பெயர் போலச் சொல்லி, அவரைக் கேட்டு இப்போதும் அங்கே யாராவது எடுக்கிறார்களா என்று விசாரித்தார்.

"முந்தி நிறையப் பேர் கேட்டார்கள்" என்றார் ஸ்பைரோ. "இப்போது ஒருவரும் கேட்பதில்லை. நேரே ஆட்டைத்தான் கேட்கிறார்கள். ஏன், அவர் உங்களுக்கு வேண்டியவரா?"

கதிர்காமநாதன் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி இருந்தார். மறுமுனையில் ஸ்பைரோ பொறுமையாகக் காத்திருந்தார்.

"மன்னிக்க வேண்டும்" என்றார் கதிர்காமநாதன். "நம்பர் பிழை."